டி என்ற ஓர் எழுத்து

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் முதலில் சர்க்கரையைப் பார்க்கிறோம், பிறகு ஹீமோகுளோபின், அதன் பிறகு கொழுப்பு. அதோடு மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். அடுத்த முறை நடுவில் இருக்கும் இன்னொரு வரியையும் பாருங்கள். ‘லிம்போசைட்’ என்று போட்டு, எதிரே 25, 30, 35 என்று ஏதோ ஒரு சதவீதம் இருக்கும். வெள்ளை அணுக்களில் இந்த வகையின் பங்கு எவ்வளவு என்பதுதான் அந்த எண். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் லிம்போசைட் சிறிதாக, உருண்டையாக, ஏறக்குறைய முழுக்க முழுக்க உட்கருவாகவே தெரியும். எல்லாம் ஒரே அச்சு. முப்பது வருடம் ஆய்வகத்தில் கண் தேய்ந்தவருக்கும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல வராது.

ஆனால் அவை ஒரே வகையல்ல. டி செல், பி செல் என்று பள்ளிப் பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடும். நாமும் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்த ‘டி’ என்பது தைமஸ் என்ற உறுப்பின் ஆங்கில முதலெழுத்து. 1961 வரை அந்த உறுப்பு எதற்கு இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. அந்த எழுத்து அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் நோயெதிர்ப்பு வேலை செய்யும் முறை பாதி விளங்கிவிடும். ழாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளரின் கதையையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

தைமஸ் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் கொழுகொழுவென்று இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிச் சுருங்கி, நாற்பது ஐம்பது வயதில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். வேலை முடிந்து கிடக்கும் பழைய சாமான் என்றுதான் அதைப் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், தொட்டிலில் தூங்கிக்கொண்டே திடீரென்று இறந்துபோன குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்கள், தைமஸ் ‘அளவுக்கு மீறிப் பெரிதாக’ இருப்பதைக் கண்டார்கள். அதுதான் மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றிருக்கிறது என்று முடிவுகட்டினார்கள். எதோடு ஒப்பிட்டுப் பெரிது? அதுவரை அறுத்துப் பார்த்த உடல்களோடு. அந்த உடல்கள் யாருடையவை? பெரும்பாலும் ஏழைகளுடையவை, பட்டினியிலும் நீண்ட நோயிலும் வாடி இறந்தவர்களுடையவை. உடல் வாடும்போது முதலில் சுருங்கும் உறுப்புகளில் ஒன்று தைமஸ். ஆக, அவர்கள் ‘இயல்பான அளவு’ என்று குறித்து வைத்திருந்தது வாடிய அளவு. ‘வீக்கம்’ என்று பயந்ததுதான் இயல்பான அளவு. இந்தத் தப்புக் கணக்கை நம்பி ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ்ரே பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு அவர்களில் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. வகுப்பில் அறிவியல் வரலாறு சொல்லித்தரும்போது இந்தக் கதையை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

தைமஸ் வீண் என்று சொன்னவர்களிடம் வலுவான சான்றும் இருந்தது. வளர்ந்த விலங்குகளிலிருந்து அதை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள், எதுவும் ஆகவில்லை. ஓடின, தின்றன, குட்டி போட்டன, ஊசி போட்டால் எதிர்ப்பொருளும், அதாவது அந்நியப் பொருளைப் பிடிக்கும் புரதமும், உண்டாக்கின. வெட்டி எடுத்தால் ஒன்றும் ஆகாத உறுப்பை வேறு என்னவென்று சொல்வது?

மில்லர் 1931ஆம் ஆண்டு பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தார். குடும்பப் பெயர் மூனியே. சிறுவயதில் சில ஆண்டுகள் ஷாங்காயில் கழிந்தன. அவருடைய அக்கா காசநோயில் இறந்துபோனார். அதே வீட்டில் வளர்ந்த தம்பிக்கு நோய் வரவில்லை. கிருமி எல்லோர் மேலும்தான் விழுந்திருக்கும், ஒருவரை மட்டும் கொண்டுபோவது ஏன் என்ற கேள்வி அந்தப் பையனிடம் அப்போதே ஒட்டிக்கொண்டது. ஜப்பானும் உலகப்போரில் இறங்கும் என்ற நிலை வந்தபோது, 1941இல், குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூனியே என்ற பெயர் மில்லர் ஆனது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அந்தப் பெயருக்கு ஒரே பொருள்: மாவு மில்காரர். தானியத்தைச் சலிப்பது பற்றிக் கொஞ்ச நேரத்தில் பேசப்போகிறோம், அதற்குப் பொருத்தமான பெயர்தான்.

சிட்னியில் மருத்துவம் படித்துவிட்டு, 1958இல் லண்டனில் உள்ள செஸ்டர் பீட்டி புற்றுநோய் ஆய்வு நிலையத்துக்குப் போனார். அவருக்குக் கிடைத்த இடம் நகரத்துக்கு வெளியே, பாலர்ட்ஸ் வுட் என்ற கிளை. அங்கே ஒரு கொட்டகைதான் ஆய்வகம். எலிகளுக்கு ஒதுக்கிய இடம் பழைய குதிரை லாயம்.

அவர் தைமஸைத் தேடிப் போகவில்லை. எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸைப் படிக்கத்தான் போனார். அந்த வைரஸுக்கு இரண்டு வினோதக் குணங்கள். பிறந்த உடனே எலிக்குட்டிக்குப் போட்டால்தான் பிடிக்கும். புற்றுநோய் தொடங்குவது தைமஸில். ஒரு மாத வயதான எலியில் தைமஸை எடுத்துவிட்டால் புற்றுநோய் வருவதில்லை. அப்படியானால் வைரஸ் தைமஸில்தான் பெருகுகிறதா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பிறந்தவுடனேயே தைமஸை எடுத்துவிட்டு அதன் பிறகு வைரஸைப் போட்டுப் பார்ப்பது.

சொல்வது எளிது. பிறந்த எலிக்குட்டி ஒன்றரை கிராமுக்குள்தான் எடை இருக்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். அதன் மார்பைத் திறந்து, துடிக்கும் இதயத்துக்கு மேல் ஒட்டியிருக்கும் அரிசி நொய் போன்ற திசுவை எடுத்து, மறுபடி மூடி, தாயிடம் விட வேண்டும். தாய் அதைத் தின்றுவிடாமலும் இருக்க வேண்டும். மில்லருக்குக் கை வந்தது.

பால்குடி மறக்கும் வரை குட்டிகள் நன்றாகத்தான் இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மெலிய ஆரம்பித்தன. முடி சிலிர்த்து, முதுகு கூனி, வயிற்றுப்போக்கு கண்டு இறந்தன. வைரஸ் போட்டவை மட்டும் அப்படி ஆகியிருந்தால் வைரஸ் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். வைரஸ் போடாதவையும் அதே மாதிரிதான் இறந்தன. அறுத்துப் பார்த்தபோது கல்லீரலில் தொற்றின் தடம் இருந்தது; ரத்தத்திலும் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் லிம்போசைட் மிகவும் குறைந்து கிடந்தது.

அடுத்து அவர் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதற்குக் கருவியே தேவையில்லை, கண் இருந்தால் போதும். வேறு இன எலியின் தோலில் ஒரு துண்டை எடுத்து இந்த எலிகளின் முதுகில் ஒட்டினார். சாதாரண எலியாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் அந்நியத் தோல் கறுத்துக் காய்ந்து உதிர்ந்துவிடும். தைமஸ் இல்லாத எலியிலோ ஒட்டு அப்படியே பிடித்துக்கொண்டது. அதில் முடியும் முளைத்தது. வெள்ளை எலி முதுகில் கறுப்பு முடி, ஒட்டுப்போட்ட துணி மாதிரி. ‘இது நான், இது நான் அல்ல’ என்று பிரித்துப் பார்க்கும் புத்தியே அந்த உடலுக்கு இல்லாமல் போயிருந்தது.

1961 செப்டம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தனி ஆளாக எழுதினார். தைமஸ்தான் லிம்போசைட்டுகளை உண்டாக்குகிறது. அவை பிறந்ததையொட்டிய நாள்களில் உடலெங்கும் போய்க் குடியேறுகின்றன. குடியேறும் முன் வெட்டினால் உடல் நிராயுதபாணி, குடியேறிய பிறகு வெட்டினால் ஒன்றும் தெரியாது. வளர்ந்த விலங்கில் வெட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் நாற்று நட்டு முடிந்த பிறகு நாற்றங்காலை அழித்துப் பார்த்து, ‘பயிருக்கும் நாற்றங்காலுக்கும் சம்பந்தமில்லை’ என்று எழுதி வைத்தவர்கள்.

நம்பினார்களா? இல்லை. உறுப்பு மாற்று ஆய்வில் 1960இல் நோபல் வாங்கிய பீட்டர் மெடவர், தைமஸில் லிம்போசைட் இருப்பது பெரிய முக்கியத்துவம் எதுவும் இல்லாத பரிணாம விபத்து என்று கருதவேண்டி வரும் என்று 1963இலும் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரை லாயத்தில் வளர்ந்த எலிகள், அழுக்கில் தொற்று வந்து இளைத்திருக்கும், அதற்குத் தைமஸ் என்ன செய்யும் என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். மில்லர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போய், கிருமியே அண்டாத கூண்டுகளில் எலிகளை வளர்த்து அதே அறுவையைச் செய்தார். அங்கே எலிகள் இளைக்கவில்லை. ஆனால் அந்நியத் தோலை அப்போதும் உதறவில்லை. இளைப்புக்குக் காரணம் தொற்று. தொற்றைத் தடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் தைமஸ் இல்லாதது. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. அதே சமயத்தில் அமெரிக்காவில் ராபர்ட் குட் குழுவினரும் வேறு சிலரும் தாங்களாகவே இதையொட்டிய முடிவுகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அதனால் இது ஒற்றை ஆளின் பிரமை என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

புடைப்பதும் கல் அரிப்பதும்

தைமஸ் உள்ளே நடப்பது என்ன? எலும்பு மஜ்ஜையிலிருந்து பக்குவமாகாத செல்கள் அங்கே வருகின்றன. ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் ஒரு பிடிப்பானை உருவாக்கிக்கொள்கிறது. அதன் வடிவம் குலுக்கல் முறையில் அமைவது. எந்தச் செல்லுக்கு எந்த வடிவம் வரும் என்று சொல்ல முடியாது. எந்தக் கிருமி நாளை வரும் என்று தெரியாத உடல், எல்லா வடிவத்தையும் கையில் வைத்திருக்கப் பார்க்கிறது. குலுக்கலில் உதவாததும் வரும், ஆபத்தானதும் வரும். அதனால் சலிக்க வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் அரிசியை முதலில் முறத்தில் புடைப்பார்கள், பிறகு தண்ணீரில் கல் அரிப்பார்கள். தைமஸ் செய்வதும் இந்த இரண்டும்தான். உடலின் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை ஒரு தாம்பாளத்தில் வைப்பதுபோல் மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டிருக்கும். டி செல்லுக்குக் கிருமியை நேராகப் பார்க்கத் தெரியாது. தாம்பாளத்தில் வைத்தால்தான் தெரியும். அந்தத் தாம்பாளத்தையே தொடத் தெரியாத செல் பதர், புடைக்கும்போது போய்விடுகிறது. தாம்பாளத்தில் இருக்கும் சொந்த உடலின் துண்டையே இறுகப் பிடித்துக்கொள்ளும் செல் கல். அதை விட்டால் நாளை சொந்தக் கணையத்தையோ மூட்டையோ தாக்கும். அதையும் அரித்து எடுத்துவிட வேண்டும். உள்ளே வரும் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அங்கேயே மடிகின்றன. நுண்ணோக்கியில் இந்தச் சாவுகளைப் பார்த்தவர்கள் தைமஸை லிம்போசைட்டின் இடுகாடு என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

இந்தச் சலிப்பின் மூலக்கூறு விவரங்கள் பின்னால் வந்தவை, பலர் சேர்ந்து கண்டவை. ஆனால் சாடை 1962லேயே மில்லரின் எலிகளில் தெரிந்திருந்தது. தைமஸ் எடுத்த எலிக்கு வேறு இன எலியின் தைமஸைப் பதித்துப் பார்த்தார். எதிர்ப்புச் சக்தி திரும்பியது. ஆனால் தைமஸ் தந்த இனத்தின் தோலை மட்டும் அந்த எலி சொந்தம்போல் ஏற்றுக்கொண்டது. எந்தத் தைமஸில் வளர்ந்ததோ அதைச் சொந்தம் என்று லிம்போசைட் பழகிக்கொள்கிறது என்று அவர் அப்போதே எழுதினார்.

இப்போது ‘பி’. அது கோழியிலிருந்து வந்தது. பறவைகளின் எச்சத்துளைக்கு அருகே ஒரு சிறு பை உண்டு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலார் ஃபாப்ரிசியஸ் பெயரில் ‘ஃபாப்ரிசியஸ் பர்சா’ என்பார்கள். ஒஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அதை வெட்டிவிட்டுக் கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் எதிர்ப்பொருள் உண்டாவதைச் செய்துகாட்ட நண்பர் டிமோத்தி சாங் அவரிடம் சில கோழிகளைக் கடன் வாங்கினார். ஊசி போட்டார், எதிர்ப்பொருள் வரவே இல்லை. வகுப்பு கெட்டது, கண்டுபிடிப்பு கிடைத்தது. பெரிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது; 1956இல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. மருத்துவர்கள் யாரும் பல ஆண்டுகள் பார்க்கவில்லை. 1965இல் மினசோட்டாவில் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழியில் தைமஸ் வழி வேறு, பர்சா வழி வேறு என்று காட்டினார்கள்.

மனிதனுக்கும் எலிக்கும் அந்தப் பை கிடையாது. 1966இல் மெல்போர்னில் உள்ள வால்டர்–எலைசா ஹால் நிறுவனத்துக்கு மில்லர் வந்தார். அவரும் அவருடைய ஆய்வு மாணவர் கிரஹாம் மிட்சலும் தைமஸை எடுத்து, கதிரியக்கம் பாய்ச்சிய எலிகளுக்குச் செம்மறியாட்டு ரத்த அணுக்களை ஊசியில் போட்டார்கள். எலும்பு மஜ்ஜைச் செல்லை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பொருள் மிகக் குறைவு. தைமஸ் வழிச் செல்லை மட்டும் கொடுத்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எக்கச்சக்கம். எதிர்ப்பொருளைத் தயாரிப்பது எது என்று அடையாளம் வைத்துத் தேடியபோது அது மஜ்ஜையிலிருந்து வந்த செல்லாக இருந்தது. தைமஸிலிருந்து வந்தது ஒரு துளி எதிர்ப்பொருளும் செய்வதில்லை. பக்கத்தில் நின்று ‘செய்’ என்கிறது. 1968இல் கட்டுரைகள் வந்தன. டி, பி என்ற சுருக்கப் பெயர்களை 1969இல் ஐவன் ராய்ட் முன்வைத்தார். மஜ்ஜைக்கும் ஆங்கிலத்தில் பி என்றே தொடங்கும் பெயர் அமைந்தது தற்செயலான வசதி. ஒரு மாநாட்டில் பீட் மோரிஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் எழுந்து, பி, டி இரண்டும் ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்றின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் என்று நினைவூட்டினாராம். மில்லரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

இரண்டு செல்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதால் நமக்கு என்ன? குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போடும் பென்டாவலன்ட் தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் அது முதலில் வந்தது. அதில் உள்ள ஐந்தில் ஒன்று, மூளையுறை அழற்சியும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் என்ற பாக்டீரியாவுக்கு எதிரானது. அந்தப் பாக்டீரியா சர்க்கரைச் சங்கிலியால் ஆன மேலுறை போர்த்தியிருக்கிறது. அந்தச் சர்க்கரையை மட்டும் தடுப்பூசியாகப் போட்டால் பெரியவர்களுக்கு வேலை செய்யும்; கைக்குழந்தைக்குச் செய்யாது. ஏனென்றால் தாம்பாளத்தில் வைப்பதற்குப் புரதம் வேண்டும்; சர்க்கரையை வைத்தால் டி செல் திரும்பிப் பார்க்காது. டி செல்லின் தூண்டுதல் இல்லாமல் பச்சைக் குழந்தையின் பி செல் அசைவதில்லை.

தீர்வு, சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டிக் கொடுப்பது. பி செல் சர்க்கரையைப் பிடித்து, கூடவே வரும் புரதத்தையும் விழுங்கி, புரதத் துண்டைத் தாம்பாளத்தில் வைக்கிறது. டி செல் அதைப் பார்த்து ‘செய்’ என்கிறது. பி செல் சர்க்கரைக்கு எதிர்ப்பொருள் செய்கிறது. கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுப்போம். இங்கே வெல்லத்தைத்தான் பொதிந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒட்டினால் பலன் கூடுகிறது என்பதை நியூயார்க்கில் ஏவரியும் கோபெலும் 1929லேயே முயல்களில் பார்த்திருந்தார்கள். ஏன் கூடுகிறது என்பது டி, பி கூட்டு வேலை தெரிந்த பிறகுதான் விளங்கியது. 1980களில் அது தடுப்பூசியானது.

எய்ட்ஸ் நோயாளியின் கோப்பில் ‘சிடி4 எண்ணிக்கை’ என்று எழுதியிருப்பதும் டி செல்லைத்தான். சிறுநீரக மாற்று நடந்தவர் தினமும் விழுங்கும் மாத்திரை அடக்கி வைப்பதும் டி செல்லையே.

ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை அளக்க இப்போதெல்லாம் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். அவருடைய கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் சுட்டினார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. இன்றைக்கு டி செல் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் 1961 கட்டுரையைச் சுட்டுவதில்லை. ரத்தம் சுற்றி ஓடுகிறது என்று எழுதுகிறவர் அதை முதலில் நிறுவிய ஹார்வியைச் சுட்டுவதில்லையே, அப்படித்தான். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலார் இந்தக் கரைந்துபோதலுக்குத் தனிப் பெயரே வைத்தார். மில்லரின் மேற்கோள் அந்த ஓர் எழுத்தில் கரைந்துவிட்டது. நோபல் குழு டி செல்லை மையமாக வைத்து 1996, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் பரிசு கொடுத்தது. தைமஸின் வேலையைக் கண்டதற்குக் கொடுக்கவில்லை. கூப்பருக்கும் மில்லருக்கும் சேர்த்து 2018இல் ஜப்பான் பரிசும் 2019இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும் வந்தன. கண்டுபிடித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு.

2025 நோபலின் வேர் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. 1969இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிக்குட்டியின் தைமஸைப் பிறந்த அன்றே எடுக்காமல் மூன்றாம் நாள் எடுத்தார்கள். எலி எதிர்ப்பற்றுப் போகவில்லை. தன் உடலையே தானே தாக்கிக்கொண்டது. அதே உறுப்பு, அதே கத்தி, இடையில் மூன்று நாள். முதல் மூன்று நாளில் தாக்கும் செல்கள் வெளியே வந்துவிடுகின்றன. அவற்றை அடக்கி வைக்கும் செல்கள் தாமதமாகத்தான் புறப்படுகின்றன. கல் அரித்தும் தப்பிய கற்களை வெளியே காவல் காப்பவை அவை. அந்தக் காவல் செல்களைத் தேடித்தான் ஷிமோன் சகாகுச்சி பல ஆண்டுகள் உழைத்தார், பெரும்பாலானோர் அப்படி ஒன்று இருப்பதையே நம்பாத காலத்தில்.

பிறந்த அன்று, மூன்றாம் நாள், வளர்ந்த பிறகு என மூன்று விடைகள் வந்துவிட்டன. மூன்றாவது விடை, அதாவது வளர்ந்தவரிடம் எடுத்தால் ஒன்றும் ஆகாது என்பது, மருத்துவமனைகளில் அப்படியே நிலைத்தது. மார்பைத் திறந்து அறுவை செய்யும்போது வழியை மறைத்தால் தைமஸை எடுத்துப் போட்டுவிடுவது வழக்கம். 2023இல் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வாளர்கள் பழைய கோப்புகளைப் புரட்டினார்கள். தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களையும், அதை எடுக்காமல் அதேபோன்ற மார்பு அறுவை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் எடுத்தவர்களில் 8.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்; எடுக்காதவர்களில் 2.8 சதவீதம். புற்றுநோயும் ஏறக்குறைய இரு மடங்கு. கோப்பை வைத்து ஒப்பிடுவது கூண்டில் வைத்து ஒப்பிடுவது போலாகாது. காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல இன்னும் சான்று வேண்டும். ஆனால் வளர்ந்த எலிகளில் வெட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதியவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.